மஸ்கட்டில் பழத்துக்குச் செதில் எடுத்தவள்

எனக்கு எழுபத்துமூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மிச்சம் இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு என் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து எழுந்தவை. ஏழு வாய்க்கும் சோறு உருட்டி ஊட்டியது இந்த வலது கைதான். இந்தக் கைக்குத்தான் மஸ்கட்டில் என் மருமகள் கையுறை கொடுத்தாள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஜெபப் புத்தகம் வாசிப்பேன், பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப் பெயர் வாசிப்பேன். எழுத்து மெதுவாகத்தான் வரும். இருந்தாலும் இதை நானே எழுதுகிறேன். ஏனென்றால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் நான் ஒரு பழத்தை உரசுகிற படம் ஓடி, திரேஸ்புரத்தில் இருக்கிற என் தங்கச்சி மரியம்மா போன் போட்டு, "எக்கா, மஸ்கட்டுல பழத்துக்கும் செதில் உண்டோ?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு வைத்துக்கொண்டு சிரித்தாள். என் பக்கத்து நியாயத்தையும் நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

நான் போன காரணம் இது. என் மூன்றாவது மகன் சேவியர் மஸ்கட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் இருக்கிறான். அவன் மனைவி ரோஸ்லின் நாசரேத்துக்காரி, வாத்தியார் வீட்டுப் பெண். அங்கே ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பார்க்கிற வேலை. பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் ஷெரினுக்கு எட்டு வயது, சின்னவன் ஜோயலுக்கு இரண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். "எம்மா, நீ வந்து ரெண்டு மாசம் இரி. சின்னவன் ஒண்ணும் திங்க மாட்டேங்கான். ஒங் கையால ஊட்டுனா திம்பான்" என்றான் மகன். ஒங் கையால என்று சொன்னது அவன்தான். இதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பனிமய மாதா கோவில் கொடியேற்றத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். கையில் மூன்று டப்பா மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்து அடித்து, கூம்பு கூம்பாகச் சுடுகிற எங்கள் ஊர் மக்ரூன்தான். ஷெரின் பிறந்ததிலிருந்து யார் மஸ்கட்டுக்குப் போனாலும் அவர்கள் கையில் நான் அதைக் கொடுத்துவிடாமல் இருந்ததில்லை.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு காயல்பட்டணத்துப் பெண். இடுப்பு வாரை அவள்தான் மாட்டிவிட்டாள். "பயப்படாதீங்கம்மா, இது பஸ்ஸு மாதிரிதான்" என்றாள். நான் பயப்படவே இல்லை. என் வீட்டுக்காரர் சங்கு குளித்தவர். கடலுக்கடியில் அவர் மூச்சு விடுகிறாரா இல்லையா என்று கரையில் இருந்து பார்த்தவளுக்கு ஆகாயத்தில் என்ன பயம்? சாப்பிட ஒரு ரொட்டி கொடுத்தார்கள். பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி இருந்தது. அதையும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

வெளியே வந்தால் நடுப்பகல் உப்பளத்தில் நிற்கிற மாதிரி அனல். உப்பளத்திலாவது கொஞ்சம் காற்று அடிக்கும். எட்டு வண்டி ஒன்றாகப் போகிற அகலத்துக்கு ரோடு, ஆனால் ஒரு ஹாரன் சத்தம் இல்லை. ஊரே ஒருத்தரோடு ஒருத்தர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதுபோல் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி மக்ரூன் டப்பாவைத் திறந்து ஷெரினைக் கூப்பிட்டேன். ரோஸ்லின் அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள். அப்படி ஒரு பாய்ச்சல். "நாளைக்குக் குடுக்கலாம் அத்தை. ராத்திரி இனிப்பு வேண்டாம்" என்று டப்பாவை வாங்கி மூடினாள். காலையில் பார்த்தால் சேவியர் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புகிறான். "ஆபீஸ்ல எல்லாரும் ஆசையாக் கேப்பாங்கம்மா." நான் கடல் தாண்டிச் சுமந்து வந்தது அவன் ஆபீஸ்காரர்களுக்கா? நல்லவேளை, ஒரு டப்பாவை என் டீக்காக என்று சேலைக்குள் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை.

மறுநாள் மத்ரா மீன் சந்தைக்குப் போனோம். சீலா மீன் அருமையாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டுகிறவன் தலையைத் தூக்கித் தொட்டியில் எறிந்தான். "ஏலே, தலைய எறியாத!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தலை திரும்பி வந்துவிட்டது.

அதற்கும் அடுத்த நாள் ரோஸ்லின் என்னைப் பழக்கடைக்குக் கூட்டிப் போனாள். எங்கள் ஊர் மார்க்கெட்டை முழுசாக உள்ளே வைத்துப் பூட்டலாம், அவ்வளவு பெரிய கடை. அங்கேதான் பீச் பழத்தை முதன்முதலாகப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்புமாகப் பிள்ளைக் கன்னம் மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்து அமுக்கினேன்.

"அத்தை, அமுக்காதீங்க. பாக்காங்க."

அமுக்காமல் பழம் வாங்குவது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லித் தாருங்கள்.

"ஜோயலுக்கு இந்த வாரம் இதுதான் புதுப் பழம். ஒரு பழம் குடுத்தா மூணு நாள் பாக்கணும் அத்தை, ஒத்துக்கிடுதான்னு. அப்புறந்தான் அடுத்தது."

"மூணு நாளு என்னத்தளா பாப்ப? நாங்க மாம்பழம் குடுத்தா, பிள்ள கைய நக்குதத மட்டுந்தான் பாப்போம்" என்றேன். அவள் பழத்தைத் தராசில் வைத்தாள். பதில் சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல படிப்பு.

வீட்டுக்கு வந்து பழத்தைக் கையில் எடுத்தால் மேலெல்லாம் மெல்லிசாக ரோமம். வெண்டைக்காயில், கரும்புத் தோகையில் இப்படிச் சுணை இருக்கும். உடம்பில் பட்டால் அரிப்பு எடுக்கும். இதைப் பிள்ளை வாயிலா வைப்பது? பழத்தில் கல்லுப்பைப் போட்டுத் தேய்த்தேன். பிறகு கத்தியின் முதுகால், காம்புப் பக்கத்தைத் தலை என்று வைத்துக்கொண்டு, விளமீனுக்குச் செதில் எடுக்கிற மாதிரி வாலிலிருந்து தலைக்கு இழுத்தேன். பழுத்த பழம் தாங்குமா? சதை கிழிந்து சாறு முழங்கை வரை வழிந்தது. பின்னால் நின்று ஷெரின் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் படம்தான் திரேஸ்புரம் வரைக்கும் போனது.

"தோலோட குடுக்கணும் அத்தை, சத்தெல்லாம் தோல்லதான் இருக்கு" என்றாள் ரோஸ்லின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவ்வளவு சிரிப்பு.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது நெக்டரின் என்று இன்னொன்று வாங்கி வந்தாள். அதுவும் பீச் மாதிரியேதான், ரோமம் மட்டும் இல்லை. திருச்செந்தூரில் மொட்டை போட்டுவந்த மாதிரி வழவழவென்று இருந்தது. "இது ஒங்களுக்குன்னு வாங்குனேன் அத்தை. செதில் எடுக்கவே வேண்டாம்." சேவியரும் சேர்ந்து சிரித்தான். நான் பெற்ற பிள்ளை.

நெக்டரின் கல்லு மாதிரி இருந்தது. ஷெரின் ஒரு கடி கடித்து "வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். நான் விடவில்லை. மறுநாள் மத்தியானம் ரோஸ்லின் வேலைக்குப் போயிருந்தபோது அதை மாங்காய்ப் பத்தை மாதிரி நறுக்கி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கொடுத்தேன். பிள்ளை உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டே தட்டைக் காலி பண்ணிவிட்டு, "ஆச்சி, இன்னொண்ணு வெட்டு" என்றாள். நான் கையைக் கழுவிவிட்டு, என் பையிலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து டீயோடு தின்றேன். டப்பாவை என் அறை ஜன்னல் திட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு அங்கேயே ஜோயலை மடியில் உட்கார வைத்து, பீச் பழத்தைத் தோலோடு, அவன் அம்மா சொன்னபடியே தோலோடு, பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன்.

பை உறிஞ்சுகிற பிள்ளை அவன். பழக்கூழ் அடைத்த பையை வாயில் வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பான். அன்றைக்குப் போனைக் கேட்கவில்லை. என் விரலோடு சேர்த்துச் சப்பினான். பாதிப் பழம் உள்ளே போயிருக்கும்.

வேலை முடிந்து ரோஸ்லின் உள்ளே வந்தாள், பிள்ளை வாயைப் பார்த்தாள். வாயைச் சுற்றிச் சிவந்திருந்தது. அவள் கண் பிள்ளையிடமிருந்து என் கைக்கும், என் கையிலிருந்து ஜன்னல் திட்டுக்கும் போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஷெரினை இழுத்துக்கொண்டு நானும் ஓடினேன். டாக்சிக்காரன் வழி தெரியாமல் அந்த அகல ரோட்டில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டான். அங்கே ஒரு திருப்பத்தை விட்டால் அடுத்த திருப்பம் அடுத்த ஊரில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது சிவப்பு மறைந்து, பிள்ளை டாக்டரின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

டாக்டர் மலையாளத்துக்காரர். "அம்மச்சி எந்து கொடுத்தது?" என்றார். சொன்னேன். "பழத்திண்ட ரோமம் ஆகலாம். மிளகாய்ப் பொடி ஆகலாம். ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர். மூன்று நாள் புதிதாக எதுவும் கொடுக்காமல் பார்க்கச் சொன்னார். ரோஸ்லின் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாக ஏதோ பேசினாள்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே லேப்பில் போடுகிற மெல்லிய கையுறைகள்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. எத்தன தடவ கழுவுனாலும் மிளகாப் பொடி கைய விட்டுப் போகாது. ஜோயலுக்கு ஊட்டும்போது மட்டும் இதப் போட்டுக்கிடுங்க."

நான் ஊரில் சில காலம் இறால் கம்பெனியில் தோல் உரித்தவள். அங்கே கையுறை தருவார்கள். வெளிநாட்டுக்குப் போகிற இறால்மேல் நம் கை படக் கூடாது என்று. என் பேரன் எனக்கு வெளிநாட்டு இறாலா?

"ஏளா, ஏழு பிள்ளைக்கு ஊட்டுன கை இது. இதுல என்ன அழுக்கக் கண்டுட்ட?"

"அழுக்குன்னு நான் சொல்லல அத்தை."

"பெறவு என்னத்தச் சொல்லுத?"

அவள் சேவியரைப் பார்த்தாள். அவன் தோசையைப் பார்த்தான். என் அறைக்குப் போனால், ஜன்னல் திட்டில் இருந்த மக்ரூன் டப்பாவைக் காணோம். ஒரு கிழவி டீயோடு தின்கிற பண்டத்தையும் எடுத்து ஒளித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் ஜோயலுக்கு ஊட்டவில்லை. கையுறை போட்டு ஊட்ட மாட்டேன், ஊட்டினால் வெறுங்கையால்தான் என்று சொல்லிவிட்டேன். குளிப்பாட்டினேன், தூங்க வைத்தேன், ஊட்டவில்லை. பிள்ளை பையை உறிஞ்சிக்கொண்டு போனைப் பார்த்தான். நடுவில் ஒருநாள் வந்து என் மடியில் ஏறி, என் வலது கையை எடுத்துத் தன் வாயில் வைத்துப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போய்விட்டான். இதற்காகவா நான் வந்தேன்? ஊருக்கு டிக்கெட் போடு என்று மகனிடம் சொன்னேன்.

அவன் டிக்கெட் போடவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் எல்லோரையும் காரில் ஏற்றி, பீச் பழம் விளைகிற மலைக்குக் கூட்டிப் போனான். ஜெபல் அக்தர் என்று பெயர். பச்சை மலை என்று அர்த்தமாம். வழியெல்லாம் பார்த்தேன், ஒரு பச்சையைக் காணோம். ஆட்டைக் கொண்டுவந்து விட்டால் நம்மை ஏசும்.

மலையடிவாரத்தில் போலீஸ்காரர் மறித்தார். சின்னக் காரெல்லாம் ஏறக் கூடாது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போகலாம் என்றார். "இது ஒனக்குத் தெரியாதாலே?" என்றேன் மகனிடம். "தெரியும், விட்டுருவாங்கன்னு நினைச்சேன்" என்றான். வெயிலில் நின்றோம். கடைசியில் சாலிம் என்று ஒரு ஓமான்காரர் தன் பெரிய வண்டியில் ஏற்றிக்கொண்டார். வெள்ளை அங்கி, அழகான தாடி. இந்தியில் பேசினார்; சேவியர் தமிழில் சொன்னான். "அம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேக்காரும்மா." "வீட்டுல கேக்காதத இவராவது கேட்டாரேன்னு சொல்லு" என்றேன். அதை அவன் மொழிபெயர்க்கவில்லை.

மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. மலையைப் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கி, சின்ன வாய்க்காலில் தண்ணீர் ஓடவிட்டு, பழமரம் வைத்திருக்கிறார்கள். பச்சையெல்லாம் அங்கேதான் ஒளிந்துகொண்டிருந்தது. சாலிமுடைய அக்கா வீட்டுத் தோட்டம் அது. என் வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு. பூப்போட்ட துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். பறித்த பீச் பழம் ஒன்றை எடுத்தாள். கடைப் பழத்தில் பாதிதான் இருக்கும். தன் துணி முனையில் அதை அழுத்தித் தேய்தேய் என்று தேய்த்தாள். ஒரு கடி தான் கடித்து ருசி பார்த்தாள். மீதியைப் பிய்த்து, நேராக ஜோயல் வாயில் வைத்தாள். அவன் வாங்கித் தின்றான்.

ரோஸ்லின் சிரித்துக்கொண்டே நின்றாள்.

அவ்வளவுதான், எனக்கு வந்துவிட்டது. "ஏளா ரோஸ்லின்! எங்க உன் கையுறை? இந்தம்மா கைக்கு வேண்டாமோ? எச்சிலு கூட ஆகும், என் கை மட்டும் ஆகாதோ?"

"அத்தை, விருந்தாளிக்குன்னு ஆசையாக் குடுக்காங்க. எப்படி வேண்டாம்னு சொல்ல? நானும் அவன் வாயத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். சிரிக்காம என்ன செய்ய?"

"அப்ப நான் உன் வீட்டுல யாரு?"

அவள் சேவியரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" அவன் வாய்க்காலைப் பார்த்தான். அவளே சொன்னாள்.

"ஷெரினுக்கு ரெண்டு வயசுல நீங்க குடுத்துவிட்ட மக்ரூன் ஒண்ணு குடுத்தேன் அத்தை. அஞ்சு நிமிஷத்துல உதடு வீங்கிட்டு. மூச்சு விடப் பிள்ள இழுக்கா. இவங்க கப்பல்ல இருந்தாங்க. ரோட்டுல நின்னு போற வண்டியக் கைகாட்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்திரி அவளுக்கு ஆகாது. ஜோயலுக்கும் அப்படி இருக்குமோன்னு பயம், இன்னும் டெஸ்ட் எடுத்துப் பாக்கல. அன்னைக்கு ஜன்னல்ல அந்த டப்பாவப் பாத்தேன். ஒங்க கைல முந்திரித் தூள் இருந்திருக்கும். கையுறை அதுக்குத்தான். நீங்க ஏழு பேர வளக்கும்போது வீடு நிறைய ஆளு. எனக்கு யாரு இருந்தா?"

நாசரேத்துக்காரி ஊருக்கு வந்தால் என் வீட்டில் பிள்ளைக்குத் தன் டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பாள். படித்த திமிர் என்று இத்தனை வருஷமும் எண்ணியிருந்தேன். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் என் கோபம் தணிந்ததென்று யாரும் எண்ண வேண்டாம். அது ஆள் மாறியது.

"ஏலே சேவியர், எனக்கு ஏன்லே சொல்லல?"

"நீ ஒடஞ்சு போவம்மா. ஒன் மக்ரூன்னா ஒனக்குப் பெருமை."

"பெருமையாலே பெருசு? சொல்லியிருந்தா எல்லாத்தையும் கடல்ல எறிஞ்சிருப்பேனே! வருஷா வருஷம் குடுத்துவிட்டேன். பிள்ள நல்லாத் தின்னான்னு போன்ல சொன்ன. வெசத்தக் குடுத்துவிட வச்சிருக்க என்னைய! இந்தப் பிள்ள விசயத்துலயும் மறச்சு வச்ச. என் கையில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாம ஊட்ட வச்சிட்டியேலே!"

சாலிம் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆனால் அவர் அக்கா போகவில்லை. அவளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் என் மகனைப் பார்த்து விரலை நீட்டி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அம்மாவக் கத்த விடாதன்னு சொல்லுதாங்க" என்றான். எனக்குத் தெரியும், அதைவிட நீளமாகச் சொன்னாள்.

நான் வாய்க்காலுக்குப் போனேன். ரோஸ்லின் பையிலிருந்த சோப்பைக் கேட்டு வாங்கினேன். விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை வரைக்கும் தேய்த்தேன். தண்ணீர் பாதிரியார் தெளிக்கிற தீர்த்தம் மாதிரி ஜில்லென்று இருந்தது. திரும்பி வந்து அவளிடம் சொன்னேன்: "கையுறை போட மாட்டேன். கை கழுவுவேன். நீ எத்தன தடவ சொன்னாலும் கழுவுவேன். முந்திரி இனி என் கையில படாது."

அவள் ஒரு பழத்தை எடுத்தாள். அந்த அம்மா செய்த மாதிரியே தன் துப்பட்டாவில் அழுத்தித் தேய்த்தாள். தோலையும் உரித்தாள். சத்தெல்லாம் தோலில்தான் என்று சொன்னவள். உரித்த பழத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். கை ஈரமாகத்தான் இருந்தது.

"ஊட்டுங்க அத்தை."

ஜோயல் என் மடியில் ஏறிக்கொண்டான். முதல் துண்டுக்கு வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அன்றைக்கு ஒன்றும் இல்லாமல் இருந்ததே என்று. பிறகு விரலோடு சேர்த்துச் சப்பினான். முழுப் பழமும் தின்றான். மலையிறங்குகிற வழியெல்லாம் ஐந்து பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தோம். வண்டி ஓட்டுகிற சாலிம்கூடக் கண்ணாடியில் பார்த்தார். சிவக்கவில்லை.

"பாத்தியா, எல்லாம் அந்தச் சுணையாலதான். அன்னைக்கே நான் செதில் எடுத்தேன்" என்றேன்.

"மிளகாய்ப் பொடியாவும் இருக்கலாம் அத்தை."

"இருக்கலாம்" என்றேன். அதற்கு மேல் நான் இறங்கவில்லை.

ஷெரினுக்கு இனி நெக்டரின்தான், உப்பும் மிளகாயும் போட்டு. ரோஸ்லினும் இப்போது இரண்டு பத்தை எடுத்துக்கொள்கிறாள், வேலைக்குக் கட்டிக்கொண்டும் போகிறாள். சேவியரோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. கொடியேற்றத்துக்குள் பேசுவேன்.

எழுதி முடித்தாயிற்று. ஷெரின் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கூப்பிட்டேன், வந்துவிட்டாள்.

"இங்கன உக்காருளா. மொதல்ல இருந்து வாசி. செதில் எடுத்த எடத்துல சிரிக்காத. கையுறை எடத்துல தாண்டிப் போகாத, ஒங்கப்பன் எடத்துலயும் தாண்டாத. நீ வாசிக்கத அந்தப் போன்ல பிடிச்சு, என் படம் போன அதே எடத்துக்கு இதையும் அனுப்பு, மரியம்மா கேக்கட்டும். சத்தமா வாசி. ஒங்கம்மா அடுக்களைல இருக்கா. நான் எழுதுனதுல பொய் இருந்தா அவ அங்கன இருந்தே சொல்லட்டும்."